அந்தக் கரண்ட் கம்பத்தை அழிக்கலாமா, வேண்டாமா?

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலை ஆறரை மணிக்குப் போய் நின்றால், நேற்றுக் கேமரா வாங்கியவருக்கும் ஒரு நல்ல படம் கிடைத்துவிடும். முற்றிய சூரியகாந்தி கிழக்கைப் பார்த்தே நிற்கும். மலை இருப்பது மேற்கே. வயலுக்குக் கிழக்கே நின்றுகொண்டால் பூவெல்லாம் உங்களைப் பார்க்கும், அதற்குப் பின்னால் மலை, உங்கள் முதுகில் இளவெயில். அங்கே நிற்கும்போது எல்லாமே அழகாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் திறந்தால்தான் வயிறு எரியும். மலைக்குக் குறுக்கே மூன்று கம்பி. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கரண்ட் கம்பம். வரப்பில் ஒரு வெள்ளை உரச் சாக்கு. கீழே, உங்கள் நிழலே நீளமாகப் படுத்திருக்கிறது.

புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சுற்றுவது வழக்கம். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இதையெல்லாம் படத்திலிருந்து எப்படிண்ணா அழிக்கிறது?” என்பதுதான். அழிக்கலாமா என்று கேட்டவர் குறைவு.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவசியமே இருக்கவில்லை. ஒரு கம்பியை அழிக்க, பக்கத்து இடத்தை நகலெடுத்து மேலே ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்போடு போட்டோஷாப்பில் அரை நாள் மல்லுக்கட்ட வேண்டும். அந்த வலியை நினைத்தே பாதிப் பேர் கம்பியை விட்டுவிட்டார்கள். 2002இல் போட்டோஷாப் 7இல் ஹீலிங் பிரஷ் வந்தது. 2010இல் சிஎஸ் 5இல் கன்டென்ட் அவேர் ஃபில் வந்தது. 2021இல் பிக்சல் 6 போனில் மேஜிக் இரேசர், 2024இல் ஐபோனிலேயே கிளீன் அப். இப்போது கம்பத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டால் போதும், டீ ஆறுவதற்குள் கம்பம் காணாமல் போய்விடும். நம் சோம்பேறித்தனம் எடுத்துக்கொண்டிருந்த முடிவை இனி நாம்தான் உட்கார்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது. நான் எந்த வரிசையில் அதை யோசிக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. வரப்பில் நிற்கும்போதே செய்ய வேண்டியது

ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் கண்ணை பிரேமின் நான்கு ஓரத்தையும் ஒரு சுற்று சுற்றவிடுங்கள். இடது மேல் மூலையில் தொடங்கி, பிரகாரம் வலம் வருவதுபோல வந்து அங்கேயே முடியுங்கள். நடுவில் இருக்கிற சாமியை எப்படியும் பார்த்துவிடுவோம். வம்பெல்லாம் பிரகாரத்தில்தான் இருக்கும். பாதிக் கம்பம், யாருடைய முழங்கையோ, பக்கத்து மரத்தின் ஒற்றைக் கிளை எல்லாம் ஓரத்தில்தான் நுழையும். விலை குறைந்த டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் வியூஃபைண்டர் முழுப் படத்தையும் காட்டாது, ஏறக்குறைய 95 சதவீதம்தான் காட்டும். அதனால் எடுத்தபின் திரையிலும் ஒரு முறை ஓரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நகருங்கள். கம்பத்தை ஒரு பனைமரத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்க இரண்டடி இடதுபுறம் போனால் போதும் என்ற நிலைமை நீங்கள் நினைப்பதைவிட அதிகம் வரும். உட்கார்ந்து எடுத்தால் முன்வரிசைப் பூக்கள் எழும்பி, வரப்பையும் அதில் கிடக்கும் சாக்கையும் மறைத்துவிடும். கம்பி குறுக்கே போகிறதென்றால், முடிந்தால் அதற்கு அடியில் நடந்து அந்தப் பக்கமே போய்விடுங்கள். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வரப்பில்தான் நடக்க வேண்டும். பயிருக்குள் இறங்கி மிதித்துவிட்டுப் போகும் கூட்டத்தால்தான் பல வயல்களில் இப்போது கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.

காத்திருப்பதும் ஒரு வித்தைதான். தாழ்ந்த வெயிலில் அலுமினியக் கம்பி வெள்ளிக்கோடு மாதிரி மின்னும். சாரல் மாதங்களில் சூரியனை ஒரு மேகம் மறைத்தாலே போதும், அதே கம்பி மலையின் நீலத்தோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. உங்கள் நிழலும் அப்போது போய்விடும். ஆட்கள் குறுக்கே நின்றால் அவர்கள் செல்ஃபி எடுத்து முடிக்கும்வரை பொறுங்கள். முடியாவிட்டால் டிரைபாடை அசைக்காமல் பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒன்றாக 12 படம் எடுத்துவையுங்கள். பின்னால் போட்டோஷாப்பில் அத்தனையையும் அடுக்கி மீடியன் என்ற முறையில் சேர்த்தால், நடமாடுகிறவர்கள் தானாக மறைவார்கள். ஒரே ஒரு நிபந்தனை: எந்த இடமும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாக இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவர் அப்படியேதான் இருப்பார்.

வெளிச்சத்தைப் பத்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) குறைக்கும் என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியை லென்ஸில் போட்டு நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பது இன்னொரு வழி. 60இல் 1 வினாடி, சுமார் 17 வினாடியாக நீளும், நடப்பவர்கள் கரைந்துவிடுவார்கள். ஆனால் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும் வயலில் இது வேலைக்கு ஆகாது. பூவும் சேர்ந்து கரைந்துவிடும். பாறை, தெப்பக்குளம், கோயில் மண்டபம் போன்ற அசையாத இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் எடுத்துப் போடக்கூடியதை எடுத்துப் போடலாமா? தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் கவரும் கிடந்தால் தாராளமாக எடுங்கள், எடுத்துப் பையிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். உரச் சாக்கு விவசாயியுடையது. கேட்டு நகர்த்தி, பிறகு இருந்த இடத்தில் வையுங்கள். மறைக்கிறது என்று ஒரு பூவை ஒடிப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. போட்டோஷாப்பில் ஆயிரம் பூவை அழித்துக்கொள்ளுங்கள், அங்கே ஒன்றைக் கிள்ளாதீர்கள்.

2. ஒரு ராத்திரி ஆறப்போடுங்கள்

எடுத்த அன்றைக்கே அழிக்க உட்காராதீர்கள். அன்று நமக்கு எல்லாமே உறுத்தும், அல்லது எதுவுமே உறுத்தாது. மறுநாள் படத்தைத் திரையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் கண் எங்கே போய் ஒட்டுகிறதோ அதுதான் நிஜமான உறுத்தல். பிறகு படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள், தலைகீழாகவும் பாருங்கள். பழகிப்போன படம் புதிதாகத் தெரியும்.

கண்ணை இழுப்பவை எவை என்று ஒரு கணக்கு உண்டு: சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது தனியாக ஒரு வெளிச்சம், பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு வாளி, மனித முகம், ஓரத்தில் வெட்டுப்பட்ட எதுவும். எல்லாவற்றையும்விட மோசம் எழுத்து. நம் ஊரில் வாய்க்கால் மதகு முதல் மாட்டுத்தொழுவம் வரை சுவர் கிடைத்தால் விளம்பரம் எழுதிவிடுவார்கள். மலையைப் பார்க்க வந்த கண் முதலில் சிமெண்ட் விலையைப் படித்துவிட்டுத்தான் மலைக்குப் போகும்.

100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, மூலையில் கிடக்கும் ஒரு பீடிக்கட்டைக் கண்டுபிடித்து அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தை யாரும் அப்படிப் பார்க்கப் போவதில்லை. தீப்பெட்டிச் சோதனையில் தெரியாததை விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

3. மூன்று குவியலாகப் பிரியுங்கள்

உறுத்துகிறவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நிஜமாகவே தாளில்தான். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், கேமரா செய்த குறைகள். சென்சாரில் ஒட்டிய தூசி வானத்தில் மங்கலான புள்ளியாக விழும். லென்ஸின் துளையை எஃப் 16, எஃப் 22 என்று சின்னதாக வைத்தால் நன்றாகவே தெரியும். லென்ஸில் விழுந்த சாரல் துளி, வெயில் நேராகப் பட்டு உண்டாகும் ஃபிளேர் வட்டங்கள் இவையும் இதில் சேரும். இவை அந்த இடத்தில் இல்லாதவை, உங்கள் கருவி சேர்த்தவை. யோசிக்காமல் அழியுங்கள்.

இரண்டாவது, வந்துபோகிறவை. பறந்து வந்த பிளாஸ்டிக் பை, வானத்தில் விமானம் விட்ட வெள்ளைக் கோடு, பிரேமுக்குள் நுழைந்த சுற்றுலாப் பயணி, நிறுத்தி வைத்த வாடகை வேன். பத்து நிமிடம் முன்னாலோ பின்னாலோ வந்திருந்தால் இருந்திருக்காது.

மூன்றாவது, அந்த இடத்திலேயே இருப்பவை. கம்பம், செல்போன் டவர், காற்றாலை, சாலை, மலையடிவாரத்து வீடு, கல் குவாரி வெட்டிய வெள்ளைத் தழும்பு.

இரண்டாவதை அழிக்கலாம், மூன்றாவதைத் தொடக்கூடாது என்று பலர் விதி சொல்வார்கள். ஆரம்பத்துக்கு நல்ல விதிதான். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சறுக்கும்.

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயத்தை எடுக்கப் போகிறவர்கள் சுற்றியிருக்கும் சங்குக் கடைகளையும் தார்ப்பாய்க் கூரைகளையும் ‘வந்துபோகிறவை’ கணக்கில் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அந்தக் கடைக்காரருக்கு அதுதான் பிழைப்பு, மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ‘பேய் நகரம்’ என்று தலைப்பும் கொடுத்தால், பார்க்கிறவர் அங்கே மனித வாடையே இல்லை என்று நம்புவார். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பையும் வந்துபோகிறதுதான். ஆனால் ஒரு நாளும் பை இல்லாத கரை அங்கே இல்லை என்றால், அது இடத்தின் பகுதியாகிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாவது குவியல் பற்றி நான் படித்த பாடம் சுந்தரபாண்டியபுரத்தில்தான். ஒரு சீசனில் எடுத்த படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, வயல்கார அண்ணாச்சிக்குக் கொண்டுபோனேன். கம்பம், மூன்று கம்பி எல்லாவற்றையும் சுத்தமாக அழித்திருந்தேன், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவர் படத்தை வாங்கி, வெயிலுக்குச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

“நம்ம வயலா தம்பி இது?”

“ஆமா அண்ணாச்சி.”

“அப்ப கம்பத்த எங்க?”

சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். “அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டீகளாக்கும். அந்த சர்வீசு கெடைக்க எத்தன வருசம் அலைஞ்சேன் தெரியுமா? அதுவர டீசல் எஞ்சின்தான். கம்பம் நட்ட அன்னைக்கு எங்க வீட்ல பாயாசம் வச்சோம்.”

நான் எதை உறுத்தல் என்று அழித்தேனோ அதுதான் அந்த வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் சூரியகாந்தி ஏது? இதற்காகக் கம்பத்தை யாரும் அழிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியலில் ‘கம்பம்’ என்று எழுதியபின், அதற்குப் பக்கத்தில் ‘இது யாருக்கு, எதற்கு?’ என்று ஒரு வரி எழுதுங்கள் என்கிறேன். எழுத முடியாவிட்டால் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1944இல் கலிபோர்னியாவின் லோன் பைன் ஊரிலிருந்து சியரா நெவாடா மலைமேல் விழும் குளிர்கால விடியலை எடுத்தார். மிகப் புகழ்பெற்ற படம். முன்னால் இருக்கும் குன்றில் அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளான எல், பி இரண்டையும் வெள்ளைக் கற்களால் பெரிதாக அமைத்திருந்தார்கள். ஆடம்ஸுக்கு அது மலைமேல் விழுந்த தழும்பாகவே பட்டது. நெகட்டிவிலும் பிரிண்டிலும் முடிந்தவரை அதை மறைத்துவிட்டார். அந்த மாணவர்களுக்கு அது அண்ணாச்சியின் கம்பம் மாதிரி இருந்திருக்கலாம். இருந்தாலும் இதில் நான் ஆடம்ஸ் பக்கம்தான் சாய்வேன். மலைமேல் ஒளி விழும் விதத்தைக் காட்டும் கலைப் படம் அது, லோன் பைன் ஊரின் ஆவணமாக அவர் அதை நீட்டவில்லை. தான் மறைத்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார். படத்தை என்னவென்று சொல்லிக் கொடுக்கிறோம், செய்ததைக் கேட்டால் சொல்வோமா என்ற இரண்டையும் நான் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டேன்.

4. அழிக்காமலே அடக்கிப் பாருங்கள்

மூன்றாவது குவியலில் இருக்கும் பலவற்றுக்கு அழிப்பதும் வேண்டாம், அப்படியே விடுவதும் வேண்டாம், குரலைத் தாழ்த்தினால் போதும்.

முதலில் கிராப், அதாவது ஓரத்தை வெட்டுவது. 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளி. ஓரக் கம்பத்தை விலக்க அகலத்திலும் உயரத்திலும் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் 5400க்கு 3600 மீதியிருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 12க்கு 18 பிரிண்டுக்கு அது சரியாகப் போதும். ஆக, ‘கிராப் பண்ணினால் குவாலிட்டி போய்விடும்’ என்ற பயம் இந்த அளவுக்குத் தேவையில்லை.

அடுத்து பிரஷ். லைட்ரூமிலோ ஸ்னாப்சீட்டிலோ அந்த வெள்ளைச் சாக்கின்மேல் மட்டும் பிரஷை ஓட்டி, எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை இறக்குங்கள். ஹைலைட்ஸைக் குறையுங்கள். சிவப்பு வாளி என்றால் சாச்சுரேஷனை மட்டும் பாதியாக்கிப் பாருங்கள். சாக்கு சாக்காகவே இருக்கும், ஆனால் கத்தாது. வெளிச்சம் ஒன்றை இறக்குவதோடு, நீங்கள் காட்ட நினைக்கும் இடத்தைக் கால் ஸ்டாப் ஏற்றினால் கண் தானாக அங்கே போகும். பழைய டார்க் ரூமில் கையால் ஒளியை மறைத்தும் கூட்டியும் செய்ததுதான் இது.

என் படங்களில் பத்துக்கு ஏழு இங்கேயே முடிந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: உறுத்தலையே படமாக்க முடியுமா? கம்பி வரிசை மலையை நோக்கிச் சுருங்கிப் போகும் கோடுகளாக நல்ல பாதை போட்டுக் கொடுக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலையை அழித்து எடுக்கப் பார்த்தவர் யாராவது இருந்தால் அவர் பொறுமைக்குக் கும்பிடு. அங்கே காற்றாலைதான் காட்சி.

5. படம் எங்கே போகப் போகிறது?

வீட்டுச் சுவருக்கு என்றால் உங்கள் இஷ்டம். அடுத்தவரிடம் போகிறதென்றால் கதை வேறு.

செய்தி, ஆவணம், சுற்றுச்சூழல் புகார், ‘எங்கள் ஊர் இப்படி இருக்கிறது’ என்று காட்டும் எதுவானாலும் முதல் குவியலைத் தவிர எதையும் தொடாதீர்கள். 2010இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் பரிசு பெற்ற ஒரு தொகுப்பு தகுதி நீக்கம் செய்யப்பட்டது. காரணம், ஒரு படத்தின் பின்னணியில் தெரிந்த ஒருவரின் பாத நுனியை அழித்தது. அதை அழித்ததால் படத்தின் பொருள் மாறவில்லை, ஆனாலும் பரிசு போனது.

இயற்கைக் காட்சிப் படத்திலும் இது நடந்திருக்கிறது. பிரிட்டனின் லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர் போட்டியில் 2012இல் முதல் பரிசு வாங்கியது, லிண்டிஸ்ஃபார்ன் கோட்டைக்கு முன்னால் படகுகள் கிடக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வானத்தில் மேகம் சேர்க்கப்பட்டதும் காட்சியில் இருந்தவை சில நீக்கப்பட்டதும் தெரியவந்து, பட்டம் திரும்பப் பெறப்பட்டது. எடுத்தவர் பித்தலாட்டம் செய்ய நினைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை, விதியைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நம்மில் பலர் செய்வதுதான்.

நம் ஊர்ப் போட்டிகள் பல ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பிஎஸ்ஏ (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்) விதிகளைப் பின்பற்றுகின்றன. அவற்றில் நேச்சர் பிரிவில் ஒரு பொறி இருக்கிறது, புதியவர்கள் அடிக்கடி மாட்டுவார்கள். அந்தப் பிரிவில் மனிதன் செய்த பொருள் படத்தில் இருக்கக்கூடாது, சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. படத்திலிருந்து எதையும் அழிக்கவும் கூடாது. தூசியைத் துடைக்கலாம், கிராப் செய்யலாம். அப்படியானால் நடுவில் கம்பம் இருக்கும் படத்தை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது, அந்தப் பிரிவுக்கு அனுப்ப முடியாது, அவ்வளவுதான். பொதுப் பிரிவில் கை வைக்க இடம் உண்டு, ஆனால் அதற்கும் அந்தந்தப் போட்டியின் விதியைப் படியுங்கள். ஏஐ நிரப்பலை அடியோடு மறுக்கும் போட்டிகள் இப்போது நிறைய. இறுதிச் சுற்றில் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலத்தைக் கேட்பார்கள்.

ஹோம்ஸ்டே விளம்பரத்துக்கு என்று யாராவது படம் கேட்டால் கொஞ்சம் உஷாராக இருங்கள். ஜன்னலுக்கு நேரே நிற்கும் செல்போன் டவரை அழித்துக் கொடுத்தால், அறை எடுத்து வந்து ஜன்னலைத் திறக்கிறவர் ஏமாறுவார். எனக்கு ஒருமுறை அப்படிக் கேட்டு வந்தது. டவர் தெரியாத கோணத்தில் எடுத்துத் தருகிறேன், அழிக்க மாட்டேன் என்றேன். கோணத்தை மாற்றுவதும் மறைப்பதுதானே என்று கேட்டார்கள். பாதி நியாயம்தான், பதில் சொல்லத் தெரியவில்லை. வேலையும் போய்விட்டது.

6. அழிப்பது என்று முடிவானால்

முடிவு எடுத்தாயிற்று, கம்பியை அழிக்கப் போகிறோம் என்றால் அரைகுறையாகச் செய்யாதீர்கள்.

மூலப் படத்தின்மேல் நேரடியாகக் கை வைக்க வேண்டாம். போட்டோஷாப்பில் படத்தின்மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு வெற்று லேயர் போட்டு, ‘எல்லா லேயரிலிருந்தும் எடு’ என்பதைத் தேர்ந்துகொண்டு அந்த லேயரில் வேலை செய்யுங்கள். பிடிக்காவிட்டால் லேயரைத் தூக்கி எறியலாம்.

வானத்தில் போகும் கம்பி சுலபம், ஹீலிங் பிரஷை மெல்லிசாக வைத்து ஒரே இழுப்பு. மலைச்சரிவின் நடுவிலும் பரவாயில்லை. சிக்கல், கம்பி மலைமுகட்டைத் தாண்டும் அந்த விரற்கடை இடத்தில்தான். ஹீலிங் பிரஷ் சுற்றியுள்ள நிறத்தைக் கலக்கும். முகட்டில் வைத்தால் வானத்து வெள்ளையும் மலையின் நீலமும் கலந்து ஒரு கறை விழும். அங்கே குளோன் ஸ்டாம்ப்புக்கு மாறுங்கள். பிரஷின் விளிம்பைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். அதே முகட்டில் சற்றுத் தள்ளி, அதே சாய்வு உள்ள இடத்தை மூலமாக எடுத்து, கோட்டோடு கோடு பொருந்த வைத்து ஒரே ஒரு தட்டு. வேலையை இப்படி மூன்று துண்டாக, வானம், முகடு, சரிவு என்று பிரித்துக்கொண்டால் சீக்கிரம் முடியும்.

கம்பத்தில் கடினமானது அடிப்பகுதி. இலைகளுக்குள் புதைந்திருக்கும் இடத்தைப் பக்கத்து இலைகளால் மூட வேண்டும். ஒரே பூவை இரண்டு முறை ஒட்டிவிட்டால் பார்க்கிறவர் கண் உடனே பிடித்துவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் வேறு வேறு இடத்திலிருந்து எடுங்கள்.

அப்புறம் சேர்ந்து போக வேண்டியவை. கம்பம் போனால் அதன் நிழலும் போக வேண்டும். காலை வெயிலில் அது பத்து வரிசை தாண்டிக்கூட நீண்டிருக்கும். நெல் வயல் என்றால் தேங்கிய தண்ணீரில் விழுந்த பிம்பமும் உண்டு. நான் ஒருமுறை மூன்று கம்பியையும் அழித்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்த இரட்டைவால் குருவியை மறந்துவிட்டேன். அது வானத்தில் காலை மடக்கி அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது. நண்பர்கள் இன்றுவரை விடவில்லை.

ஏஐ நிரப்பலைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழித்த இடத்தில் என்ன இருக்கக்கூடும் என்று அது ஊகித்து வரைகிறது. கம்பத்தை எடுக்கச் சொன்னால் அந்த இடத்தில் ஒரு குடிசையை நட்டுவைக்கும்; மலைமுகட்டில் இல்லாத ஒரு கூம்பைச் சேர்க்கும். குற்றால மலையின் வடிவம் தென்காசிக்காரர்களுக்கு வீட்டு வாசல் கோலம் மாதிரி மனப்பாடம், ஒரு வளைவு மாறினாலும் தெரியும். நிரப்பிய இடம் சுற்றுப்புறத்தைவிட மொழுமொழுவென்று இருக்கிறதா, கேமராவின் பொடி இரைச்சல் அங்கே மட்டும் இல்லாமல் இருக்கிறதா என்று 100 சதவீதத்தில் பாருங்கள். தேர்வுப் பகுதியை எவ்வளவு சின்னதாக வைக்கிறீர்களோ அவ்வளவு குறைவாக அது கற்பனை செய்யும்.

முடித்தபின் மறுபடி தீப்பெட்டி அளவு. இப்போது கண் எங்கே போகிறது? சில சமயம் ஒன்றை எடுத்ததும் அதுவரை ஒளிந்திருந்த இன்னொன்று எட்டிப் பார்க்கும். அதையும், அடுத்ததையும் என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் காலண்டர் படம் மாதிரி ஒன்று மிஞ்சும். நான் எனக்கு வைத்திருக்கும் வரம்பு மூன்று. மூன்றுக்கு மேல் அழிக்க வேண்டியிருந்தால் படத்தை எடுத்த விதத்தில்தான் கோளாறு. அடுத்த வாரம் திரும்பப் போவேன்.

7. எடுத்து வைப்பதும் எழுதி வைப்பதும்

ரா ஃபைலை ஒருபோதும் அழிக்காதீர்கள். திருத்திய படத்தின் பெயரிலேயே அடையாளம் இருக்கட்டும். நான் ‘கம்பி நீக்கியது’ என்று பெயரின் கடைசியில் சேர்த்துவிடுவேன். மூன்றாவது குவியலிலிருந்து ஏதாவது அழித்திருந்தால் படக் குறிப்பில் ‘மின்கம்பிகள் நீக்கப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி போதும், விளக்கம் எழுத வேண்டியதில்லை. இந்த ஒரு வரியை எழுதக் கை கூசுகிறதா? அப்படியானால் 3ஆம் பகுதிக்குத் திரும்பிப் போய் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள்.

ராவை வைத்திருந்தது எனக்கும் ஒரு நாள் உதவியது. அண்ணாச்சி கேட்ட மறு வாரமே அதே படத்தைக் கம்பமும் கம்பியுமாக, இடது பக்கம் கிராப் செய்யாமல், அதே 12க்கு 18இல் போட்டுக் கொடுத்தேன். முதல் பிரிண்டைத் திருப்பித் தந்துவிட்டார். இரண்டாவது, மோட்டார் ரூம் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே தொங்குகிறது.